பூங்கா கழக்கூட்டத்தில், பிள்ளைகள் குழித்துறையில்

குழித்துறையிலும் இரணியலிலும் காலை ரயில் ஏறும் இளைஞர்களில் பலர் இறங்குவது திருவனந்தபுரம் தாண்டிக் கழக்கூட்டத்தில். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் அங்கேதான் இருக்கிறது; இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. 1956 நவம்பர் வரை இந்த ஊர்களெல்லாம் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. இன்று குமரி மாவட்டம் பொறியாளர்களைப் படிக்கவைத்து அனுப்புகிறது. வரியும் தொழில் அனுபவமும் எல்லைக்கு அப்பால், கேரளத்தில் சேர்கின்றன.

சரி, நாகர்கோவிலிலும் கண்ணாடிச் சுவரோடு ஒரு கட்டடம் எழுப்பிவிட்டால் ஆயிற்றா? அது அலுவலக வளாகமாகலாம், அறிவியல் பூங்கா ஆகாது. ஆய்வுக்கூடம், கல்லூரி, புதிதாகத் தொழில் தொடங்குபவர், முதல் போடுபவர் எல்லோரும் ஒருவருக்கொருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். தைவானின் சிஞ்சு பூங்கா திறந்தது 1980-இல். அரசின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அதற்கும் முன்பே, 1973-இல் வந்துவிட்டது. பக்கத்திலேயே இரண்டு பல்கலைக்கழகங்கள். உலகத்துக்கே சிப் செய்துகொடுக்கும் டிஎஸ்எம்சி, 1987-இல் அந்த ஆய்வு நிறுவனத்திலிருந்து கிளைத்ததுதான். டெக்னோபார்க் கதையும் ஏறக்குறைய இதேதான். அதை உருவாக்கிய கே.பி.பி. நம்பியார், 1973-இல் பிறந்த கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானை வளர்த்தெடுத்தவர். சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் வாடகை கொடுத்தால் மட்டும் இடம் நிலைக்காது. ஐஐடி ஆசிரியர், மாணவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்து கிரெடிட் எனும் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு விதியில்தான் அந்தப் பூங்காவின் உயிரே இருக்கிறது என்பேன்.

கற்பதும் தொழில் செய்வதும் ஒரே இடத்தில் சேர்வது குமரிக்குப் புதுச் சங்கதியும் அல்ல. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் ஒய்எம்சிஏ சார்பில் கிராமச் செயல்விளக்க மையம் ஒன்றை நடத்தினார். நல்ல இனக் கோழி, முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்பது, சட்டம் வைத்த தேனீப் பெட்டி எல்லாவற்றையும் அங்கே கண்ணால் பார்த்து, கையால் செய்து கற்றார்கள். இன்றைய மார்த்தாண்டம் தேனுக்கு வேர் அதுதான். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் மாதங்களில் பெட்டிகளைத் தோட்டத்துக்குள் வைப்பார்கள். பூவைவிட இளம் இலைக்காம்பில் ஊறும் மதுதான் அந்தத் தேனுக்கு ஆதாரம். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தபோது, இந்தத் தொழிலை நம்பிய குடும்பங்கள் திண்டாடின. அப்படிப்பட்ட நேரத்தில்தான் பக்கத்தில் ஒரு ஆய்வுக்கூடம் இருப்பதன் அருமை தெரியும்.

இன்னொரு பக்கம், ஆரல்வாய்மொழிக்கு அப்பால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். இஸ்ரோ தலைவர்களாக உயர்ந்த கே. சிவனும் வி. நாராயணனும் குமரி மண்ணின் பிள்ளைகள். நாகர்கோவிலின் கோணம் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கும் அந்த மலையடிவாரத்துக்கும் இடையே ஒரு பாலம் போட எந்த மாடிக் கட்டடமும் தேவையில்லை. துல்லிய அளவீட்டுக் கருவிகளும் ஒப்பந்தங்களும் போதும்.

என்னைக் கேட்டால் குமரியின் பூங்காவைத் தேனிலிருந்தே தொடங்கலாம். ரப்பர் தேனில் ஈரப்பதம் அதிகம். பக்குவம் தவறினால் புளித்துவிடும். வெளிநாட்டுக்கு அனுப்ப மருந்து எச்சச் சோதனையும் வேண்டும். ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் இதற்கும் ரப்பர் பாலுக்கும் சேர்த்து ஒரு சோதனைக்கூடம், அதில் மாணவர்கள், வாரம் ஒருநாள் தேன் விவசாயிகள். மாடி கேட்டு வரும் நிறுவனங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.