கைபேசி விளையாட்டுகளில் வன்முறையும் வயதுக் குறியீடும்: பப்ஜி தடையை முன்வைத்து

வேலூர் வி.ஐ.டி. ஆடவர் விடுதியில் பப்ஜி விளையாடத் தடை விதிக்கும் சுற்றறிக்கை 2019 சனவரியில் செய்தியானது. விடுதிச் சூழல் கெடுகிறது, படிப்பில் கவனம் சிதறுகிறது என்பனவே அதில் சுட்டப்பட்ட குறைகள். 2020 செப்டம்பர் 2 அன்று நடுவண் அரசு அவ்விளையாட்டு உள்ளிட்ட 118 செயலிகளைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ் முடக்கியபோது காட்டிய காரணம் நாட்டின் இறையாண்மையும் பயனர் தரவின் பாதுகாப்பும் ஆகும். சுட்டு வீழ்த்துவதையே ஆட்டமாகக் கொண்ட ஒன்றின்மீது விதிக்கப்பட்ட இவ்விரு தடைகளிலும் வன்முறை முதன்மைக் காரணமாக அமையவில்லை. அவ்வாறாயின் வன்முறையை அளக்கும் வயதுக் குறியீடு யாரால், எதைக் கொண்டு இடப்படுகிறது என்பதை விளையாடுவோரின் கருத்துகளோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திரைப்படத்திற்கு 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டமும் தணிக்கை வாரியமும் உள்ளன. விளையாட்டுக்கு அத்தகைய சட்டமுறை வாரியம் இந்தியாவில் இல்லை. கூகுள் பிளேயில் தெரியும் 12+, 16+ போன்ற குறிகள், விளையாட்டை வெளியிடுவோரே நிரப்பும் வினாப்படிவத்திலிருந்து பெறப்படுபவை. இம்முறைக்கு முன்னோடி அமெரிக்காவின் பொழுதுபோக்கு மென்பொருள் மதிப்பீட்டு வாரியம். 'மார்ட்டல் காம்பாட்' போன்ற விளையாட்டுகளை முன்னிட்டு 1993இல் அந்நாட்டு மேலவை நடத்திய விசாரணைக்குப் பின், 1994இல் தொழில்துறையே அதனை அமைத்துக்கொண்டது. விளையாடுவோர் இணையத்தில் தமக்குள் பேசிக்கொள்பவை தன் மதிப்பீட்டில் அடங்கா என்று அவ்வாரியமே அறிவித்துவிடுகிறது. குறியீட்டின் ஓட்டை இங்கேயே தொடங்குகிறது.

2021 சூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் பப்ஜி திரும்பியபோது குருதி பச்சை நிறமாயிற்று. 'கில்' என்ற சொல் 'ஃபினிஷ்' ஆயிற்று. நிறம் மாறியதால் குறிபார்த்தலும் வீழ்த்தலும் மாறிவிடவில்லை என்பது விளையாடுவோர் இதற்குக் கூறும் எளிய மறுப்பு. அரிவாள் வெட்டு நிறைந்த படத்தைக் குடும்பத்தோடு பார்க்கும் சமூகம் கைபேசித் துப்பாக்கியை மட்டும் அஞ்சுவதேன் என்பது அவர்தம் மற்றொரு வினா. இவ்வினா முற்றிலும் நேர்மையானதன்று. படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆட்டம் முடிவதில்லை. எனினும், வன்முறையைக் காட்சியில் மட்டும் தேடுவது பயனற்றது என்னும் அளவில் அவர்கள் கூறுவது சரியே.

அதற்கு ஒரு மாதம் முன்னர், 2021 சூனில், பப்ஜி ஆட்டத்தை யூடியூபில் நேரலை செய்துவந்த தமிழர் ஒருவர் தருமபுரியில் கைது செய்யப்பட்டார். பெண்களை இழிவுபடுத்தும் ஆபாசப் பேச்சே குற்றச்சாட்டின் மையம். அவருடைய பார்வையாளருள் சிறுவர் பலர். அலைவரிசையின் பெயரிலேயே '18+' என்ற குறி இருந்தது. அது அவர்களைத் தடுக்கவில்லை. ஆட்டத்தில் ஒரு துளிக் குருதியும் இல்லாதிருந்தாலும் அப்பேச்சு அவர்கள் காதை எட்டியே இருக்கும்.

தமிழ்நாட்டின் 2025ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆதார் சரிபார்ப்பையும் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலான தடையையும் பண ஆட்டங்களுக்கு மட்டுமே விதித்தன. பணம் வைக்காத சுடும் ஆட்டங்களில் எஞ்சுவது பெற்றோரின் ஒப்புதல் ஒன்றே. பேட்டில்கிரவுண்ட்ஸில் 18 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் எண்ணுக்கு வரும் கடவுச்சொல்லை அளிக்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம். பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் தனித்தனிக் கைபேசி உண்டு என்ற எண்ணத்தின்மேல் நிற்கும் ஏற்பாடு இது. வாணியம்பாடி, ஆம்பூர் உள்ளிட்ட தோல் தொழில் வட்டாரத்தில், காலணித் தொழிற்சாலைக்குப் பணிக்குச் செல்லும் தாய் வீட்டின் ஒரே கைபேசியைப் பிள்ளையிடம் விட்டுச்செல்வாராயின், ஒப்புதல் கோரும் குறுஞ்செய்தி ஆடிக்கொண்டிருக்கும் அப்பிள்ளையின் கைக்கே வந்துசேர்கிறது.