வார்ப்பவரும் வாசிப்பவரும்

“ஜால்ரா” என்ற சொல்லைக் கேட்டதுமே நம் விடுதித் தோழர்கள் யாரையோ நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பேராசிரியர் வாய் திறக்கும் முன்பே தலையாட்டும் ஒருவர் எந்த வகுப்பில்தான் இல்லை! ஆனால், அன்பர்களே, நான் எழுத வந்தது அவரைப் பற்றியன்று. பஜனையில் ஒலிக்கும் உண்மையான ஜால்ராவைப் பற்றி, அதாவது கைத்தாளத்தைப் பற்றி. அதைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நான் ஒன்றை உடைத்தவன்.

ஐந்து வயதில் பெற்றோருடன் தஞ்சை மாவட்டத்திலிருந்து தில்லிக்கு வந்தேன். மந்திர் மார்க்கில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தேன். ஒரு பக்கம் பிர்லா மந்திரின் மணியோசை, மறு பக்கம் காளி பாரியின் முரசொலி. இவற்றுக்கிடையே எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பஜனை. இந்த மூன்று ஒலிகளையும் கேட்டு வளர்ந்த பிள்ளை நான். இன்று பல்கலைக் கழகத்தில் எம்.எஸ்ஸி. பௌதிகம் பயின்றாலும், சனிக்கிழமை வந்தால் கால்கள் தாமாகவே அங்கே போய்விடும்.

சென்ற ஆண்டு அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையில், அந்த வீட்டுப் பாட்டியின் தாளத்தை எடுத்து உற்சாகமாகத் தட்டினேன். கயிறு கையிலிருந்து நழுவியது. தாளங்களில் ஒன்று மொசைக் தரையில் விழுந்து ஒரு முறை “கணீர்” என்றது. எடுத்து மீண்டும் தட்டினால் “டப்” என்றது! விளிம்பிலிருந்து உள்ளே மயிரிழை போல ஒரு விரிசல். நாற்பது ஆண்டுகளாகப் பாட்டியின் கையில் ஒலித்த நாதம், என் கையில் ஒரு நொடியில் அடங்கிவிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

அங்கே மிருதங்கம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மைய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கச்சேரி மேடைகளிலும் வாசித்தவர். அவர்தான் கேட்டார்: “ஏம்பா, உலோகத்தைப் பற்றியெல்லாம் படிக்கிறவன்தானே நீ? பித்தளைச் சொம்பு விழுந்தால் நசுங்குகிறது. இது மட்டும் ஏன் கண்ணாடி மாதிரி விரிகிறது? சொல்லு பார்ப்போம்.” எனக்கு விடை தெரியவில்லை. உடைந்த தாளத்தைப் பல்கலைக் கழகத்துக்கு எடுத்துச் சென்றேன்.

தாளம் பித்தளையன்று, வெண்கலம். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. மணிக்கும் தாளத்துக்கும் ஏற்ற வெண்கலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் இருப்பது உலகெங்கும் வழக்கம். வெள்ளீயம் கூடக் கூட ஒலி நீண்டு நிற்கும். ஆனால் உலோகம் நொறுங்கும் தன்மையும் கூடும். விரிசலின் ஓரத்தை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. மென்மையான பொன்னிறத் திட்டுகள். அவற்றின் இடையே சாம்பல் நிறத்தில் ஒரு வலை. பொன்னிறப் பகுதிக்கு ஆல்பா என்றும், சாம்பல் பகுதிக்கு டெல்டா என்றும் பெயர். டெல்டாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம். மிகக் கடினம், மிக முரடு. விரிசல் அந்தச் சாம்பல் பாதையையே பற்றிக்கொண்டு ஓடியிருந்தது.

உருக்கி வார்த்த வெண்கலம் மெல்ல ஆறும்போதுதான் இந்த டெல்டா உண்டாகிறது. செந்தணலாகச் சிவந்திருக்கும்போதே தண்ணீரில் அமிழ்த்திவிட்டால் அது உண்டாக நேரமிராது. இங்கேதான் ஒரு விந்தை! எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது இறுகி நொறுங்கும் தன்மை பெறும். இந்த வெண்கலமோ நேர்மாறாக, தோய்த்தால்தான் சற்றே இளகி அடி தாங்கும். இந்த நுட்பம் நம்மவர்க்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்புக் காலத்து வெண்கலக் கிண்ணங்களில் வெள்ளீயம் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் இருப்பதையும், அவை சூட்டில் அடித்து நீட்டப்பட்டு நீரில் தோய்க்கப்பட்டவை என்பதையும் சாரதா சீனிவாசன் போன்ற உலோக ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பெரியவரிடம் பெருமையோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, ஏன் உடைந்தது என்று தெரிந்துவிட்டது. நல்ல தாளம் எது என்று உன் நுண்ணோக்கி சொல்லுமா?” என்றார். வாயடைத்துப் போனேன்.

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் உலகின் பெரிய தாளத் தொழிற்சாலைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மேனாட்டு டிரம் வாத்தியத்தில் தொங்கும் பெரிய தட்டுகளைச் சிம்பல் என்கிறோம். அவற்றைச் செய்வதில் புகழ்பெற்றது சில்ஜியன் கம்பெனி. அவெடிஸ் என்ற ஆர்மேனியர் 1623-ல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கிய பட்டறை அது. “சில்ஜியன்” என்ற பெயருக்கே தாளம் செய்பவரின் மகன் என்றுதான் பொருள். அந்தப் பரம்பரையில் வந்த மற்றோர் அவெடிஸ் 1929-ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் தொழிலை நிறுவினார். குடும்பம் பிரிந்தபின், 1981-ல் கனடாவில் சேபியன் என்ற கம்பெனி பிறந்தது.

அங்கே உலோகத்தை உருக்கி வார்க்கிறார்கள்; மீண்டும் மீண்டும் சூடேற்றி உருளைகளுக்கிடையே தகடாக்குகிறார்கள்; நீரில் தோய்க்கிறார்கள்; நடுவில் குமிழ் அழுத்திச் சுத்தியால் அடிக்கிறார்கள்; கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சீவுகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, ஒருவர் குச்சியை எடுத்துத் தட்டிக் கேட்கிறார். அவர் தலையசைத்தால்தான் தட்டு வெளியே போகும்! லென்னி டிமுசியோ என்பவர் சில்ஜியனில் பல பத்தாண்டுகள் இந்த வேலையைப் பார்த்தவர். தொழில்முறை டிரம் கலைஞர்களோடு பழகி, அவரவர் காதுக்கு ஏற்ற தட்டைத் தேர்ந்து கொடுப்பதே அவருடைய உத்தியோகம்.

எளிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள்! கலைஞர் கணக்கில் பேசமாட்டார். “இது இருட்டாக ஒலிக்க வேண்டும்”, “இன்னும் வறட்சியாக வேண்டும்” என்பார். பட்டறைக்காரருக்கோ தடிமனும் எடையும் சுத்தியடியும்தான் தெரியும். இரண்டு மொழிகளுக்கும் இடையே நின்று மொழிபெயர்க்க ஒருவர் வேண்டுமல்லவா? நம் பௌதிகம் அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பகுதியைச் சொல்லும். ஒரே உலோகத்தாலான இரண்டு தட்டையான வட்டத் தகடுகளில், ஒன்றன் தடிமன் மற்றதைப்போல இரு மடங்கானால் அதன் அதிர்வெண்ணும் இரு மடங்காகும். விட்டம் இரு மடங்கானால் அதிர்வெண் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே மெல்லிய தட்டின் ஒலி தாழ்ந்து, “இருட்டாக” இருக்கும். 1930-களில் ஜீன் குருப்பா போன்ற டிரம் கலைஞர்கள் அவெடிஸிடம் மெல்லிய தட்டுகளைக் கேட்டு வாங்கியபோது, அவர்கள் அறியாமலே கேட்டது இந்தக் கணக்கைத்தான். அந்தக் கூட்டுறவில்தான் இன்றைய டிரம் தட்டுகளில் பல வகைகள் உருப்பெற்றன.

ஆனால் கணக்கு ஓரளவுக்குத்தான் துணை வரும். சிம்பலைப் பலமாக அடித்தால், முதலில் தாழ்ந்த அதிர்வுகள் எழும். கண் இமைக்கும் நேரத்தில் ஆற்றல் மேலே ஏறி எண்ணற்ற உயர் அதிர்வுகளாகச் சிதறும். அந்த “ஜ்ஷ்ஷ்” என்ற பொறி பறக்கும் ஒலி, அடித்த கணத்தில் இல்லாமல் சற்றுப் பிந்தியே மலர்வது இதனால்தான். ஒவ்வொரு சுத்தியடியும் இந்தச் சிதறலை மாற்றும். அதை முழுதும் முன்கூட்டிக் கணக்கிடுவது கடினம். பழகிய காது ஒரு தட்டில் கண்டுபிடித்துவிடும்.

கோடை விடுமுறையில் இதை நானே கண்டேன். பெரியவர் தம் மிருதங்கத்துக்குப் புது மூட்டுப் போடத் தஞ்சைக்குப் புறப்பட்டார். தில்லியின் வேனிலும் குளிரும் மாறி மாறித் தோலை வாட்டிவிடும் என்பது அவருடைய நிரந்தரக் குறை. பாட்டிக்குப் புதுத் தாளம் வாங்க நானும் கூடப் போனேன். கும்பகோணத்தை அடுத்த ஒரு வெண்கலப் பட்டறையில், கைத்தாளம் செய்யும் முதியவர் முன் உட்கார்ந்தோம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஜோடியாகத் தட்டினார். “இது கத்துகிறது.” வைத்துவிட்டார். “இது அடைக்கிறது.” வைத்துவிட்டார். நான்காவதைத் தட்டி, “நாதம் நிற்கிறது, ஆனால் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது” என்றார்.

பட்டறை முதியவர் மறுமொழி கூறவில்லை. அதை வாங்கிக் கடைசலில் மாட்டி, பின்புறத்தில் மெல்லியதாக ஒரு சுற்றுச் சீவினார். திருப்பிக் கொடுத்தார். பெரியவர் தட்டினார், கண்ணைத் திறந்தார், சிரித்தார். தடிமன் குறைந்தால் சுருதி தாழும் என்பதை நான் பாடநூலில் படித்தேன். அவர் கையால் படித்திருந்தார். “தூக்கல்” என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை மயிரிழை சீவ வேண்டும் என்பது எந்தப் பாடநூலில் இருக்கிறது?

அங்கிருந்து தஞ்சைக்குப் போகும் வழியில் பேச்சு மிருதங்கத்தின் பக்கம் திரும்பியது. சாதாரணப் பறை, முரசுகளின் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கமோ வீணைத் தந்தியைப் போல் சுருதி சேர்ந்து ஒலிக்கும். வலந்தலையின் நடுவில் உள்ள கருஞ்சோறே இதற்குக் காரணம் என்பதை விளக்கி, சர் சி. வி. இராமன் 1920-ல் “நேச்சர்” இதழில் எழுதினார். 1934-ல் இன்னும் விரிவாக ஆராய்ந்து, தோலின் ஒன்பது அதிர்வுகள் ஐந்து இசைச்சுருதிகளாக அமைவதைக் காட்டினார். நம் நாட்டு விஞ்ஞானத்துக்குப் பெருமை தரும் ஆராய்ச்சி அது. ஆனால் இராமன் விளக்கியது, ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த ஒன்றை! அந்தச் சோற்றையும் கற்பொடியையும் குழைத்து, படலம் படலமாக அப்பித் தேய்த்துக் காது கொடுத்துக் கேட்டவர்கள் யார்?

அவர்களைப் பற்றி அறிய விரும்புவோர், டி. எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட “செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்” என்ற ஆங்கில நூலைப் படிக்க வேண்டும். மிருதங்கம் செய்வோரில் பலர் தலித் கிறித்தவர்கள். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் பதப்படுத்தி, வாசிப்பவர் கேட்கும் நாதத்தைக் கொண்டுவருபவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு (1912–1981) மிருதங்கம் செய்து தந்தவர் பர்லாந்து. மணி ஐயர் காதில் கேட்டதைச் சொல்வார். பர்லாந்து தோலில் செய்து காட்டுவார். சரியில்லையென்றால் பிரித்து மறுபடி செய்வார். சில்ஜியனின் பட்டறையில் நடந்த அதே கூட்டுறவுதான் இது. ஒரே ஒரு வேறுபாடு. சிம்பல் தட்டில் செய்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். உலகமே அதைப் படிக்கும். நம் கச்சேரி அழைப்பிதழில் வாசிப்பவர் பெயர் இருக்கும்; செய்தவர் பெயரைத் தேடினாலும் காண்பதரிது. தோலைத் தொடுபவரைத் தள்ளி வைத்த சமுதாயம், அந்தத் தோலில் பிறந்த நாதத்தை மட்டும் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. இது நீதியா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

பிறரைக் கேட்குமுன் நான் என்னைக் கேட்டுக்கொண்டேன். உடைந்த தாளத்தைச் செய்தவர் யார் என்று பாட்டியிடம் விசாரித்திருந்தேன். “கும்பகோணத்தில் வாங்கினது” என்று மட்டுமே சொல்ல முடிந்தது அவரால். கடைத்தெருவின் பெயர்கூட நினைவிருந்தது; செய்தவர் பெயர் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகள் தினந்தோறும் கையில் பிடித்த பொருள்!

ஆகவே பட்டறையை விட்டுக் கிளம்புமுன் அந்த முதியவரிடம் பெயர் கேட்டிருந்தேன். “பேரெல்லாம் எதுக்குத் தம்பி? சத்தம் நல்லாயிருந்தா சரி” என்று சிரித்தார். விடாமல் கேட்டபின் சொன்னார். பத்திரிகையில் போட வேண்டாம் என்றார். பையில் எழுதிக்கொள்ள இசைந்தார்.

இப்போது மந்திர் மார்க் பஜனையில் ஒலிப்பது அந்தத் தாளம்தான். அதன் துணிப்பையின் உட்புறத்தில் அழியாத மையால் அவர் பெயரையும் ஊரையும் எழுதியிருக்கிறேன். பாட்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை ஒரு முறை படித்துவிட்டுத்தான் தாளத்தை வெளியே எடுக்கிறார். என்னிடம் மட்டும் இன்னும் கொடுப்பதில்லை!

தோழர்களே, நம் சங்க விழாவிலும் மிருதங்கமும் தாளமும் ஒலிக்கத்தான் போகின்றன. அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் வாசிப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இதைச் செய்தவர் யார்?” அவர் இசைந்தால், அந்தப் பெயருக்கு ஒரு வரி இடம் விடுங்கள்.