மேசன் வராத நாள்

சாம்பல்தீவில் சொந்தமாக வீடு கட்டுவோருக்கு, மேசன் வராத நாளே வேலை மிகுந்த நாளாகும். அவர் வந்தால் சுவர் எழும். வராத நாளிலோ, எழுந்த சுவரைக் காப்பதற்கும் அடுத்த வரிக் கல்லுக்கு ஆயத்தம் செய்வதற்கும் நூறு சில்லறை வேலைகள் நமக்காகக் காத்திருக்கும்.

விடிந்ததும் முதல் வேலை தண்ணீர் ஊற்றுவது. சீமெந்து காய்வதனால் இறுகுகிறது என்று பலர் எண்ணுகின்றனர், அஃது உண்மையன்று. நீருடன் சேர்ந்து நிகழும் இரசாயன மாற்றத்தினாலேயே அது கல்லாகிறது. நீர் வற்றினால் அம்மாற்றம் இடையில் நின்று, சாந்து பலங்குன்றிப் போகும். கொங்கிறீற்று ஆயின் 7 நாளேனும் ஈரம் காயாதிருத்தல் வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், விடியலில் நனைத்த சுவர் பத்து மணிக்கே வெளுத்துவிடுகிறது. ஆகவே ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, பிள்ளைகளிடம் வாளியைக் கொடுத்துவிடுகிறோம். இவ்வேலைக்கு மட்டும் அவர்களை இருமுறை கூப்பிட வேண்டியதில்லை!

அடுத்து மணல் அரித்தல். கடற்கரை அருகிலிருக்க மணலுக்கு ஏன் காசு என்று கேட்பவர் உண்டு. கடல் மணலின் உப்பு கொங்கிறீற்றினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்து, வளையையே வெடிக்க வைக்கும். ஆற்று மணல் இறக்குவது ஆடம்பரமன்று. கிணற்று நீரையும் நாவில் வைத்து உவர் பார்த்துக்கொள்வது நன்று.

பிற்பகலில் குசினிக்கு மூலை எடுக்கிறோம். ஒரு நூலில் 3 அடி, மறு நூலில் 4 அடி அளந்து முளை அடித்து, குறுக்கே சரியாக 5 அடி வந்தால் மூலை செங்கோணம். பைதகரசின் தேற்றத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணவர், ஒருமுறை இந்நூலைப் பிடித்து நின்றால் பின் மறக்கமாட்டார்.

இவற்றையெல்லாம் கூலி கொடுத்தும் செய்விக்கலாம், கணக்குத்தான் இடங்கொடாது. போரினாலும் 2004 டிசம்பர் 26 கடற்கோளினாலும் வீடிழந்த கிழக்கு மாகாணத்தவர் பலர் இக்கணக்கை நன்கறிவர். 2012 அக்டோபர் 2 இல் வடக்கிலும் கிழக்கிலும் ஆரம்பமான இந்திய வீடமைப்புத் திட்டத்தில், உரியவரே கட்டும் புதிய வீடொன்றுக்கு 5½ இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. வேலை நகர நகரவே பணம் தவணை தவணையாக வங்கிக்கு வந்தது. மேசன் கூலி ஏறினால் அத்தொகை ஏறாது. குடும்பத்தாரின் கைகளே குறையை நிரப்பின. ஒப்பந்தக்காரர் கட்டிக் கையளிக்கும் வீட்டைவிட இம்முறையே மேலானது என்பது நமது எண்ணம். ஆனால் அதன் பாரம் பெண்கள்மீதும் முதியோர்மீதும் இறங்கியதை மறைத்தலாகாது.

நமக்கும் அதே கணக்குத்தான். ஐப்பசி மழைக்குமுன் ஓடு ஏறாவிடின், கிடுகுக் கொட்டிலில் இன்னொரு மாரி. அந்தி சாயும் வேளையில் சீமெந்துப் பைகளைப் பலகைமேல் அடுக்கித் தறப்பாளால் மூடியபின், பழைய ஆணிகளைத் தட்டி நிமிர்த்தியபடி நாட்களை எண்ணுகிறோம். கூரை மர வேலைக்கு இன்னும் ஓடாவி அகப்படவில்லை.