மண் தரைக்குச் சிமெண்ட் தளம்: கொக்கிப்புழுத் தடுப்பும் பணிக்காலப் பாதுகாப்பும்

ஜவ்வாது மலையின் பல குடியிருப்புகளில் இன்றும் மண் தரை வீடுகள் உள்ளன. ஜமுனாமரத்தூர் சுற்றுவட்டாரத்தில் புதிய வீடு கட்டுவோரும் பழைய வீட்டைச் சீரமைப்போரும் தரைக்குச் சிமெண்ட் தளம் இடுவது பெருகி வருகிறது. சிமெண்ட் தளம் உடல்நலத்திற்கு எவ்வாறு உதவுகிறது என்பதையும், பணியின்போது கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகளையும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருத்தல் நலம்.

தரைக்கும் இரத்தசோகைக்கும் என்ன தொடர்பு?

இம்மலைப்பகுதியில் காணப்படும் குடற்புழுத் தொற்றுகளில் முதன்மையானது கொக்கிப்புழு. தொற்றுள்ளவரின் மலம் மண்ணில் கலக்கும்போது புழுவின் முட்டைகள் ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் ஓரிரு நாட்களில் பொரிகின்றன. 5 முதல் 10 நாட்களில் இளம்புழுக்கள் தொற்றும் நிலையை அடைந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்கின்றன. பின்னர் சிறுகுடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. நாளடைவில் இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை உண்டாகிறது. கர்ப்பிணிகளுக்கும் வளரும் குழந்தைகளுக்கும் இதனால் பாதிப்பு மிகுதி.

சாணம் மெழுகுவதால் மனிதரைத் தாக்கும் கொக்கிப்புழு வருவதில்லை. அது மனித மலத்தினால் பரவுவது. ஆனால் மண் தரை ஈரத்தைத் தேக்கி வைக்கும். காலில் ஒட்டி வரும் அசுத்த மண் அதனோடு கலந்துவிடும். தவழும் குழந்தை அம்மண்ணைத் தொட்டு வாயில் வைக்கும்போது உருண்டைப்புழு போன்றவற்றின் முட்டைகளும் உட்செல்லக்கூடும். உலர்ந்த, விரிசலற்ற சிமெண்ட் தளத்தில் இளம்புழுக்கள் வளர இயலாது. கழுவித் துடைப்பதும் எளிது.

மெக்சிகோ நாட்டின் கோவாகுயிலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி மண் தரை வீடுகளுக்கு அரசு சிமெண்ட் தளம் இட்டுத் தந்தது. 2009இல் வெளியான ஆய்வின்படி, மண் தரை முழுவதும் சிமெண்ட் தளமாக மாறிய வீடுகளின் சிறு குழந்தைகளிடையே ஒட்டுண்ணித் தொற்று 78 விழுக்காடும், வயிற்றுப்போக்கு 49 விழுக்காடும், இரத்தசோகை 81 விழுக்காடும் குறைந்திருந்தன. இதே அளவு பயன் எல்லா ஊர்களிலும் கிடைக்கும் எனக் கொள்ள இயலாது. எனினும் தரை மாற்றம் நோய்த்தடுப்பின் ஒரு பகுதி என்பது இதனால் விளங்கும்.

தளம் நிலைத்திருக்க என்ன செய்ய வேண்டும்?

விரிசல் விட்ட தளத்தில் மீண்டும் மண்ணும் ஈரமும் தேங்கும். ஆகவே மண்ணின் மேல் நேரடியாக மெல்லிய சிமெண்ட் பூச்சு இடுவதைத் தவிர்க்கவும். வீட்டின் தரைமட்டம் வெளி நிலத்தைவிட உயரமாக இருத்தல் வேண்டும். மண்ணை நன்கு இறுக்கி, ஜல்லிக் கான்கிரீட் அடித்தளம் இட்டு, அதன் மேல் சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நான்கு பங்கு கலந்த கலவையைச் சமன்படுத்துவது வழக்கமான முறை. கழுவும் நீர் வடிய வாயிலை நோக்கிச் சிறிது சரிவு தேவை. குறைந்தது 7 நாட்கள் தளத்தை ஈரமாக வைத்திருக்க வேண்டும். முதியோர் உள்ள வீடுகளில் குளியலறைத் தளத்தை வழவழப்பாகத் தேய்க்காமல் சொரசொரப்பாக விடுவது வழுக்கி விழுவதைத் தடுக்கும்.

ஈரச் சிமெண்ட்டினால் ஏற்படும் புண்

நீர் கலந்த சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது. தோலில் பட்டவுடன் வலி தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்தே எரிச்சலும் ஆழமான புண்ணும் வெளிப்படும். முழங்காலிட்டுத் தளத்தைத் தேய்ப்பவருக்கும், கலவை புகுந்த காலணியை அணிந்தே வேலை செய்பவருக்கும் இவ்வாறு நேர்கிறது. நீரிழிவினால் கால் உணர்வு குறைந்தவர்கள் இப்பணியில் ஈடுபடுவதைத் தவிர்க்க வேண்டும்.

பணி செய்வோர் ரப்பர் கையுறையும், உயரமான ரப்பர் காலணியும், முழங்காலில் நீர் புகாத உறையும் அணியவும். பழைய தளத்தை உடைக்கும்போதும் உலர்ந்த சிமெண்ட்டைக் கலக்கும்போதும் எழும் தூசு நுரையீரலைப் பாதிக்கும். உடைக்கும் இடத்தில் நீர் தெளித்துத் தூசை அடக்குவதுடன், தூசு தடுக்கும் முகக்கவசமும் அணியவும். ஆஸ்துமா, காசநோய் உள்ளவர்களையும், கர்ப்பிணிகளையும், குழந்தைகளையும் பணி முடியும் வரை வேறிடத்தில் தங்க வைக்கவும்.

முதலுதவி

• கலவை பட்ட ஆடையையும் காலணியையும் உடனே அகற்றவும்.
• ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவவும்.
• கண்ணில் பட்டால் இமைகளை விரித்து அதே அளவு நேரம் கழுவிய பின், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவும். தேவைப்பட்டால் 108 ஊர்தியை அழைக்கவும்.
• எலுமிச்சைச் சாறு, பற்பசை, மஞ்சள் ஆகியவற்றைப் புண்ணில் தடவ வேண்டாம்.

தளம் மட்டும் போதுமா?

போதாது. கொக்கிப்புழு பெரும்பாலும் வெளியிலுள்ள அசுத்த மண்ணிலிருந்தே தொற்றுகிறது. ஆகவே கழிப்பறையைப் பயன்படுத்துதல், தோட்டத்திற்கும் காட்டிற்கும் செல்லும்போது காலணி அணிதல், குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வழங்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையை உட்கொள்ளுதல் ஆகியவையும் இன்றியமையாதவை. கர்ப்பிணிகள் மருத்துவர் ஆலோசனையின்றி இம்மாத்திரையை உட்கொள்ளக் கூடாது.

மார்கழிக் குளிரில் சிமெண்ட் தளம் மண் தரையைவிடக் குளிர்ச்சியாகத் தோன்றும். பச்சிளங்குழந்தையை வெறும் தளத்தில் கிடத்தாமல், பாயின் மேல் தடித்த துணி விரித்துக் கிடத்தவும்.

தொடர்ந்த சோர்வு, மூச்சு வாங்குதல், உள்ளிமை வெளுத்தல், மண் தின்னும் விருப்பம் ஆகியவை தென்பட்டால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும். கொக்கிப்புழுத் தொற்றும் அதனால் வரும் இரத்தசோகையும் உரிய சிகிச்சையால் குணமாகக் கூடியவை.