58 மீட்டர் ஏற ஒரு பெட்டி

மால்டாவின் தலைநகரான வலெட்டாவை வரைபடத்தில் பார்க்கிறவருக்கு, அரை நாளில் நடந்தே முடித்துவிடலாமே என்றுதான் தோன்றும். மொத்தம் 55 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 136 ஏக்கர். மத்தியதரைக் கடலுக்குள் நாக்கை நீட்டியது போன்ற ஒரு சிறு தீபகற்பம். நகர வாசலில் புறப்பட்டால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் முனையிலுள்ள செயின்ட் எல்மோ கோட்டை வந்துவிடும். தனியாக வந்திருக்கிறோம், கையில் கார் இல்லையே என்ற கவலைக்கு இடமே இல்லை. உண்மையில் கார் இருந்தால்தான் தொல்லை. நகருக்குள் நுழையும் வண்டிகளைக் கேமராவில் படம்பிடித்து, உள்ளே நின்ற நேரத்துக்கேற்பக் கட்டணம் போடும் ஏற்பாடு 2007இலிருந்து நடக்கிறது.

ஆனால் வரைபடம் ஒன்றை மறைத்துவிடுகிறது. இந்த நாக்கு தட்டையானது அல்ல, நடுவில் முதுகெலும்பு போல ஒரு குன்று ஓடுகிறது. 1565இல் ஒட்டோமான் படையின் பெரும் முற்றுகையைத் தாக்குப்பிடித்த செயின்ட் ஜான் வீரத்துறவிகள், மறு ஆண்டே இங்கே புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். போப்பாண்டவர் அனுப்பிய பொறியாளர் பிரான்செஸ்கோ லபரெல்லி, சதுரங்கப் பலகை போல நேர்கோட்டுத் தெருக்களை வரைந்தார். முதலில் குன்றைச் செதுக்கிச் சமப்படுத்துவது, பிறகு வீடு கட்டுவது என்பது திட்டம். எதிரி எப்போது திரும்பி வருவானோ என்ற பயத்தில் செதுக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டடங்களை எழுப்பினார்கள். அன்று மிச்சம் வைத்த மேட்டைத்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கிறார்கள். காகிதத்தில் நேராக ஓடும் தெரு, நிஜத்தில் இறக்கத்தை எட்டியதும் படிக்கட்டாகிவிடுகிறது. பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன், 1811இல் தீவை விட்டுக் கிளம்பும்போது எழுதிய கவிதையில் இந்தப் படிக்கட்டுத் தெருக்களைச் சபித்தே விட்டார். கோடை வெயிலில் ஒருமுறை ஏறியவர் யாரும் அவரைக் குறை சொல்லமாட்டார்.

நகரின் கிழக்குப் பக்கம் இன்னும் மோசம். அங்கே அப்பர் பராக்கா என்றொரு தோட்டம் கோட்டை மதிலின் உச்சியில் இருக்கிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால் கிராண்ட் ஹார்பர் என்னும் பெருந்துறைமுகம் காலடியில் கிடக்கும். படகுகளும் கப்பல்களும் அணையும் கரை நேர் கீழே. அங்கே போய்ச் சேர வேண்டுமே? இந்த இடைவெளியை அடைக்கத்தான் 1905இல் ஒரு லிஃப்ட் வந்தது. அதைக் கட்டியது அதே ஆண்டு தீவில் டிராம் விட்ட கம்பெனிதான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத் தேதி வரிசையில் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. டிராம் 1929இல் நின்றது. வலெட்டாவிலிருந்து பழைய தலைநகர் முதீனாவுக்கு 1883 முதல் ஓடிய ரயிலும் 1931இல் நின்றுபோனது. இரண்டின் பயணிகளையும் பஸ் இழுத்துக்கொண்டது. லிஃப்ட் மட்டும் 1973 வரை தாக்குப்பிடித்தது. 1983இல் அதையும் பிரித்துப் போட்டார்கள். எல்லோரும் சாலை வழியாக வரத் தொடங்கிய பிறகு துறைமுகக் கரையிலிருந்து யார் ஏறி வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். கப்பல் பயணிகளும் படகுப் போக்குவரத்தும் பெருகியபோது மறுபடியும் தேவை வந்தது. 2012 டிசம்பரில் ஏறத்தாழ அதே இடத்தில் புதிய லிஃப்ட் திறக்கப்பட்டது.

உயரம் 58 மீட்டர். அலுமினிய வலை போர்த்திய கோபுரத்துக்குள் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 21 பேர் நிற்கலாம். ஏற 23 நொடி, அதாவது நொடிக்குச் சராசரியாக இரண்டரை மீட்டர். படியில் ஏறினால் பாதி வழியில் கைக்குட்டையைத் தேடவேண்டிய உயரம் இது.

இவ்வளவு உயரத்துக்கு ஓடும் லிஃப்டுகள் பொதுவாக எப்படி வேலை செய்கின்றன? கிணற்றுத் துலாவின் வால்பக்கத்தில் கல் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். பெட்டியை மோட்டார் தன் பலத்தால் மட்டும் தூக்குவதில்லை. பெட்டியின் உச்சியில் கட்டிய எஃகு வடங்கள் மேலே ஒரு பள்ளச் சக்கரத்தைச் சுற்றி மறுபக்கம் இறங்குகின்றன. அந்த முனையில் கனமான எதிரெடை தொங்குகிறது. பெட்டி ஏற எதிரெடை இறங்கும், பெட்டி இறங்க அது ஏறும். மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரத்துக்கும் வடத்துக்கும் இடையிலான உராய்வு மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. எதிரெடையை எவ்வளவு வைப்பது என்பதில்தான் சூட்சுமம். காலிப் பெட்டியின் எடை, அதோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதி. அப்படியென்றால் பெட்டி பாதி நிரம்பியிருக்கும்போது இரு பக்கமும் சமம், மோட்டாருக்கு வேலை மிகக் குறைவு.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. காலிப் பெட்டி எதிரெடையைவிட லேசு. அதனால் ஆளில்லாத பெட்டியைக் கீழே இறக்கத்தான் மோட்டார் உழைக்கவேண்டும். மேலே அனுப்ப, அடக்கிப் பிடித்தாலே போதும். தன்னந்தனியாக ஏறும் ஒரு பயணியை எதிரெடைதான் தூக்கிச் செல்கிறது என்று சொல்லலாம். பராக்காவில் கட்டணம் வாங்குவதோ மேலே ஏறுகிறவரிடம்தான். இயந்திரத்தின் கணக்கு வேறு, மூச்சு வாங்கி நிற்பவரின் கணக்கு வேறு.

வடம் அறுந்தால் என்ன ஆகும் என்ற பயம் லிஃப்டைவிடப் பழையது. 1854இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் உயரே ஒரு மேடையில் ஏறி நின்று, கூட்டத்தின் எதிரில் அதன் கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே சரிந்து நின்றுவிட்டது. இன்றைய பெட்டிகளிலும் அந்த ஏற்பாட்டின் வாரிசு இருக்கிறது. வேகம் வரம்பை மீறினால் ஆப்பு போன்ற பிடிகள் இருபுறத் தண்டவாளங்களைக் கவ்விக்கொள்ளும்.

கீழே வந்ததும் சாலையைக் கடக்கவேண்டும். மால்டாவில் நம் ஊர் போலவே வண்டிகள் இடப்பக்கம் போகின்றன, பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன பழக்கம். ஐரோப்பாவில் பிற நாடுகளைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் இங்கே தப்பான பக்கம் திரும்பிப் பார்த்துத் தடுமாறுவார்கள். நமக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

துறையில் பெரிய படகுச் சேவையும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது அதன் பக்கத்திலேயே ஆடிக்கொண்டு நிற்கும் சிறிய மரப்படகைப் பற்றி. இருமுனையும் நிமிர்ந்து, பளிச்சென்று வண்ணம் பூசியிருக்கும். அதன் பெயர் எழுத்தில் பயமுறுத்தினாலும் உச்சரிப்பில் ‘டைசா’, அவ்வளவுதான். படகோட்டி நின்றுகொண்டு, போகும் திசையைப் பார்த்தபடி, இரண்டு துடுப்புகளை முன்னோக்கித் தள்ளுவது இதன் பழைய முறை. உட்கார்ந்து பின்னோக்கி இழுப்பதில் கால், முதுகு எல்லாவற்றின் பலமும் சேரும், விசை கூடும். ஆனால் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. கப்பல்கள் நெருக்கியடித்த துறைமுகத்தில் கண்தான் முக்கியம், அதனால் உடம்பின் பாரத்தைத் துடுப்பில் சாய்த்துத் தள்ளும் இந்த முறை தோதானது. இப்போது அன்றாட ஓட்டத்துக்கு மோட்டார் வந்துவிட்டது. துடுப்பின் வீரத்தைப் பார்க்க வேண்டுமானால் மார்ச் 31 அல்லது செப்டம்பர் 8 அன்று நடக்கும் படகுப் பந்தயத்துக்குப் போகவேண்டும். இரண்டாவது தேதி, 1565 முற்றுகை விலகியதைக் கொண்டாடும் நாள்.

தனியாகப் போகிறவருக்கு லிஃப்டிலும் படகிலும் ஒரு பெரிய வசதி. டாக்சி போல முழு வண்டிக்கும் நாமே காசு கொடுக்க வேண்டியதில்லை, ஓர் ஆளுக்கான இடத்துக்கு ஓர் ஆளுக்கான காசு. தீவின் மற்ற ஊர்களுக்குப் போக நகர வாசலுக்கு வெளியே டிரைட்டன் நீரூற்றுக்கு அருகே பஸ்கள் நிற்கின்றன. மால்டாவின் நீளமே சுமார் 27 கிலோமீட்டர்தான், எங்கே போனாலும் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

படகில் எதிர்க்கரையிலுள்ள பிர்குவுக்குப் போனால், முடிந்தவரை மாலை நான்கு மணிக்கு நீரோரமாக வந்து நில்லுங்கள். வலெட்டாவின் மதிலும், அதை ஒட்டி நிற்கும் லிஃப்ட் கோபுரமும் மொத்தமாகக் கண்ணில் படும். தோட்டத்துக்குக் கீழே வரிசையாகப் பீரங்கிகள். நண்பகலிலும் நான்கு மணிக்கும் அவற்றில் ஒன்றை வெடிப்பார்கள். துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க நண்பகல் வெடி உதவிய காலம் ஒன்று இருந்தது. முதலில் வெண்புகை மட்டும் எழும், ஓசை வந்திருக்காது. அந்தக் கணத்திலிருந்து நொடிகளை எண்ணுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால், பெருக்கிப் பார்த்தால் நீங்கள் படகில் கடந்துவந்த தண்ணீரின் அகலம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.