மதுரை மெட்ரோ: திரும்பி வந்த திட்டமும் மாற்று வழிகளும்

போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, போடியில் ரயிலேறி மதுரை சேர்பவருக்கு ஸ்டேஷன் வாசலில்தான் மீதிப் பயணம் தொடங்குகிறது. ராஜாஜி மருத்துவமனைக்கோ உயர் நீதிமன்றக் கிளைக்கோ போக பஸ், ஆட்டோ தேட வேண்டும். ஆகவே மதுரை மெட்ரோ விவாதம் மலைக்காரர்களுக்கும் உரியது.

என்ன நடந்தது?

திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. மெட்ரோவுக்கு ரூ.11,368 கோடி கணக்கிட்டது தமிழக அரசு. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ரூ.355 கோடி. 2025 நவம்பரில் மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மதுரைக்கு அது இல்லை. ஆனால், அந்த அளவை எட்டாத ஆக்ராவுக்கு 2019இல் அனுமதி கிடைத்தது. மக்கள்தொகையை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது.

செலவைக் குறைக்க வழி உண்டா?

பணத்தில் பெரும்பகுதி தூண், சுரங்கம், நிலையங்களுக்கே போகிறது. மத்திய அரசு 2019இல் வரையறுத்த 'மெட்ரோலைட்' என்னும் இலகு ரயில் தரையிலேயே ஓடக்கூடியது. மெட்ரோ செலவில் சுமார் 40 சதவீதம் போதும். பஸ்ஸுக்கான தனிப்பாதை இன்னும் மலிவு. இரண்டுக்குமே சாலையில் ஒரு பகுதியை ஒதுக்கியாக வேண்டும். அகமதாபாத் 2009 முதல் பஸ் தனிப்பாதையைக் காப்பாற்றி வருகிறது. கார்க்காரர்களின் எதிர்ப்புக்கு ஆளான டெல்லி தனிப்பாதை 2016இல் அகற்றப்பட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இதற்கு மலையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1908 முதல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலையைச் சிறு ரயில் சுமந்தது. அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே, பிறகு போடிக்கு மாட்டுவண்டி. 1924 வெள்ளத்தில் ரயில் அழிந்தாலும், இடத்துக்கேற்ற வண்டி என்ற கணக்கு இன்றும் செல்லும். மதுரையிலும் கூட்டம் நெரியும் தடத்துக்கு ரயில், மற்றவற்றுக்கு பஸ் என்பதே சரி.

காத்திருப்பும் செலவுதான். 2010 இறுதியில் மீட்டர்கேஜ் ரயிலை இழந்த போடி, அகல ரயிலைக் கண்டது 2023 ஜூன் 15இல். மெட்ரோவுக்காக மதுரை அப்படிக் காத்திருக்கக் கூடாது. ரயில் வரும் நேரத்துக்கு மதுரை ஸ்டேஷனில் டவுன் பஸ்ஸும், போடி ஸ்டேஷனில் மலைக்குப் போகும் பஸ்ஸும் நிற்பதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. அதை இப்போதே தொடங்கலாம்.