ஒரே பெயருக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

"மாமி வந்திருக்காங்க" என்றால் யார் வந்திருக்கிறார்? யாழ்ப்பாணத்து வீட்டில் அப்பாவின் தங்கையாக இருக்கலாம். சென்னையில் பல வீடுகளில் அப்பாவின் தங்கை அத்தை. மாமி என்றால் வேறு யாரோ. அவரவர் வீட்டுக்குள் குழப்பமே கிடையாது. இரண்டு வீடும் சம்பந்தம் செய்துகொள்ளும்போதுதான் பிள்ளைகள் விழிப்பார்கள்.

இணையத்திலும் இப்படி ஒரு தகராறு முப்பது வருஷமாக நடக்கிறது. நம்ம பசங்க இப்போது அதற்குள் காசு போடத் தொடங்கியிருப்பதால், பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

போனில் ஒரு முகவரியைத் தட்டினால், அதன் எண்ணை யாரோ தேடித் தர வேண்டும். அந்தத் தேடல் புள்ளிக்கு அப்புறம் வரும் கடைசிச் சொல்லில் தொடங்குகிறது. டாட் காம் யாரிடம் இருக்கிறது? டாட் சிஏ யாரிடம்? இதற்குப் பதில் சொல்வது வேர், அதாவது ரூட் என்கிற ஒரு பட்டியல். அளவைப் பார்த்தால் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுதான். அதைப் பதின்மூன்று பெயர்களில், பன்னிரண்டு அமைப்புகள், உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் வைத்திருக்கின்றன. பட்டியலில் என்ன இருக்கலாம் என்பதைப் பார்த்துக்கொள்வது ஐகான் என்ற அமைப்பு.

இந்தப் பட்டியலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எந்த உலகச் சட்டமும் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டதால் நடக்கிறது, அவ்வளவுதான். 1998 ஜனவரியில் இது நன்றாகவே தெரிந்தது. அப்போது பெயர்களைக் கவனித்துவந்த ஜான் போஸ்டல், ரூட் சர்வர் நடத்துபவர்களில் எட்டுப் பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பட்டியலை இனிமேல் வழக்கமான இடத்திலிருந்து எடுக்காமல் என் கணினியிலிருந்து எடுங்கள் என்றார். அவர்களும் கேட்டார்கள். அமெரிக்க அரசு தலையிட்ட பிறகு அதைப் பழையபடி மாற்றினார். அந்த ஆண்டிலேயே ஐகான் பிறந்தது.

ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்றால், ஒத்துக்கொள்ளாதவர் தனியாக ஒரு வேர் நட்டுக்கொள்ளலாமே? நட்டார்கள். 1990களிலேயே ஆல்டர்நிக் போன்றவை சொந்தப் பட்டியலில் புதுப்புதுப் பெயர்களைச் சேர்த்தன. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது: இந்த அதிகாரத்தை ஒரே இடத்துக்குக் கொடுத்தது யார்? அமெரிக்க அரசோடு இருந்த ஒப்பந்தம் 2016 அக்டோபரில்தான் முடிந்தது. 2022இல் உக்ரைன், ரஷ்யாவின் டாட் ஆர்யூவை வேரிலிருந்து எடுக்கச் சொன்னபோது ஐகான் மறுத்தது. எடுத்திருந்தால் மற்ற நாடுகளும் ஆளுக்கொரு வேர் தேடிப் போக அதுவே காரணமாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நியாயம் இருந்தாலும் ஒரு தலைவலி தீரவில்லை. டாட் பிஸ் என்ற பெயரை மாற்று வேரில் சிலர் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தார்கள். 2000 நவம்பரில் ஐகான் தேர்ந்தெடுத்த ஏழு புதிய பெயர்களில் அதே டாட் பிஸ்ஸும் வந்தது. ஒரே முகவரி, இரண்டு சொந்தக்காரர்கள். நீங்கள் யாரிடம் போய்ச் சேருவீர்கள் என்பது உங்கள் கணினி எந்த வேரைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. முதலில் நட்டவர்கள் எவ்வளவு கத்தினாலும், உலகத்தில் பெரும்பாலான கணினிகள் ஐகான் பட்டியலைத்தான் கேட்டன.

இப்போது அதே கதை பிளாக்செயின் சட்டை போட்டு வந்திருக்கிறது. என் மகள் போன வருஷம் கேட்டாள்: "அப்பா, ஒரு தடவை காசு கட்டினா போதுமாம், ரினியூவலே கிடையாதாம். டாட் வாலட்ல என் பேர் வாங்கட்டுமா?" விளம்பரம் சொல்வதில் பாதி சரி. அந்தப் பதிவு அவள் பேரில் இருக்கும். ஆனால் கூப்பிட்டால் யார் வருவார் என்பது தனிக் கேள்வி. டாட் வாலட்டை அன்ஸ்டாப்பபிள் டொமைன்ஸ் என்ற நிறுவனம் விற்றது. ஹேண்ட்ஷேக் என்ற இன்னொரு வேரிலும் டாட் வாலட் இருந்தது. 2022இல் விஷயம் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. அதே வருஷம் டாட் காயின் பெயரில் தனக்கு முன்பே எமர்காயின் இருந்தது தெரியவந்ததும், அன்ஸ்டாப்பபிள் டாட் காயினை நிறுத்திவிட்டது. ஐகான் வேண்டாம் என்று கிளம்பியவர்களுக்கும், யார் முதலில் என்று தீர்த்துவைக்க ஒரு பஞ்சாயத்து தேவைப்பட்டது!

மகளிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்.

முதல் கேள்வி: அந்த முகவரி தாத்தா போனில், எதையும் இன்ஸ்டால் பண்ணாமல் திறக்குமா? இல்லையென்றால் அது முகவரி ஆகாது. தெரிந்தவர்களுக்குள் வைத்துக்கொள்ளும் பட்டப்பெயர்தான்.

இரண்டாவது: அதைத் திறக்க என்ன மாற்ற வேண்டும்? பிரவுசரில் ஏதோ சேர், டிஎன்எஸ் செட்டிங்கை மாற்று என்றால் நிதானம் தேவை. டிஎன்எஸ்ஸை மாற்றினால் அந்த லேப்டாப்பில் தேடும் எல்லாப் பெயர்களும், பள்ளிக்கூடம், பேங்க் உட்பட, அந்தப் புதிய ஆளிடம்தான் முதலில் போகும். ஒரு பெயருக்காக வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது மாதிரி.

மூன்றாவது: அந்தப் பெயருக்கு ஈமெயில் அனுப்பினால் வந்து சேருமா? காலேஜ் விண்ணப்பத்தில் போடப்போகும் பெயர் என்றால் இது முக்கியம்.

வழக்கமான டொமைனை வருஷா வருஷம் காசு கட்டித்தான் வைத்துக்கொள்ள முடியும். வாடகை வீடு மாதிரிதான். ஆனாலும் தபால்காரருக்கு வழி தெரியும்.

பொது வேரில் நமக்கு இடமில்லையே என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆங்கில எழுத்து மட்டும் போதாது என்பது பல மொழிக்காரர்களின் பழைய குறை. சீனா 2006இலேயே தன் நாட்டுக்குள் சீன எழுத்துப் பெயர்களைத் தனியாக ஓட்டியது. 2010இல் பொது வேரிலேயே பிற எழுத்துகளுக்குக் கதவு திறந்தது. அந்த வரிசையில் டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா மூன்றும் தமிழ் எழுத்தில் ஏறின. டொரோண்டோவில் தட்டினாலும் ஓஸ்லோவில் தட்டினாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். பசங்களோடு உட்கார்ந்து, தமிழ் கீபோர்டில் அப்படி ஒரு முகவரியைத் தட்டிப் பாருங்கள்.